ஊட்லதான் இருக்கு

அத்தியாயம் 5

“ஒன்னரைக்கு ராகுகாலமுங்க. அதுக்குள்ள அந்தச் சேலையக் கடையில வெச்சு எரிச்சுப்போடுவாங்களாமா” என்றாள் அத்தாயி. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

குஞ்சம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். “கெட்ட காரியத்துக்கு நல்ல நேரம் பாக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். தம்பி, நீ போலீசுல பன்னண்டு வருசம் குப்பை கொட்டுனியே, இப்படி ஒருத்தனப் பாத்திருக்கிறயா?”

அவள் தம்பி அர்த்தநாரி தலையை மட்டும் ஆட்டினான். போலீஸ் வேலையை உதறிவிட்டுச் சேலத்தில் துப்பறிகிறவன் என்று போர்டு மாட்டிக்கொண்ட நாளிலிருந்தே அவனுக்குப் பேச்சு குறைவு. அந்தக் குறைவையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்குத்தான் திருச்செங்கோட்டிலிருந்து அக்கா வந்து சேர்ந்தாள். தம்பிக்குச் சோறு பொங்கிப் போட ஒரு வாரம் என்று சொல்லிக்கொண்டு வந்தவள். இது இரண்டாவது வருஷம். அவள் புருஷன் ஊரில் எருமையோடு பேசிக்கொண்டிருக்கிறார். எருமை எதிர்த்துப் பேசாததால் நிம்மதியாக இருப்பதாகக் கடுதாசி போட்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரியின் கடைசிக் கட்டிலில் அத்தாயியின் புருஷன் சாரங்கபாணி கிடந்தான். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. அந்த லட்சணத்தில் இருக்கிறவன் எழுந்து ஓடிவிடுவானாம், இடது காலில் விலங்கு மாட்டிக் கட்டிலோடு பூட்டியிருந்தார்கள். சர்க்காருக்கு எப்போதும் ஜாக்கிரதை அதிகம்.

கதையை இந்த இடத்தில் பிடிக்கிறவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். மோகனூர்ப் பண்ணைக்காரி பொன்னாத்தாள் தன் மகன் கல்யாணத்துக்கு அரக்குச் சிவப்பில் ஒரு கூறைச் சேலை வேண்டுமென்று சேலம் கடைவீதிக் குழந்தைவேல் கடையில் சொல்லி வைத்து வாங்கினாள். சரிகை சுத்த அசலாக இருக்க வேண்டும், ஒரு பொட்டுக் கலப்படம் கூடாது என்று பேச்சு. அதை நெய்தவன் சாரங்கபாணி. கல்யாணத்து மூன்றாம் நாள் மஞ்சள் தண்ணீர் பட்டதுதான் தாமதம், சரிகை கறுத்து நின்றது. கல்யாணத்துக்கு வந்த உறம்பரையெல்லாம் சேலையை விட்டுவிட்டுப் புதுப் பெண்ணைப் பார்த்தது. மருமகள் காலடி சரியில்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. கடைக்காரர் குழந்தைவேல் நேரே போலீசுக்குப் போனார். நான் கொடுத்தது அசல், தறிக்காரன் அதைத் திருடிக்கொண்டு செம்புச் சரிகையைப் போட்டு நெய்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார்.

பிடிக்க வந்த ஏட்டிடம் சாரங்கபாணி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். “சரிகை ஊட்லதான் இருக்கு.” சொன்ன இடத்திலேயே பக்கவாதம் அடித்து விழுந்தான். நாலு நாளாகப் பேச்சு இல்லை.

ஊட்டில் இருக்கிறதென்றால் வீட்டில் இருக்கிறது. சேலத்தில் பால்குடிக் குழந்தைக்கும் அது தெரியும். போலீசார் மூன்று தடவை அந்த வீட்டைச் சோதித்தார்கள். கூரை ஓலையைப் பிரித்தார்கள், தறிக்குழியை ஆளுயரம் தோண்டினார்கள், அடுப்பை இடித்தார்கள். அவர்கள் போன பிறகு அத்தாயியும் தோண்டினாள். ஒரு இழை அகப்படவில்லை. திருடினதை ஒப்புக்கொண்டவன் ஒளித்த இடத்தை மறைக்கிறான் என்று கேஸ் ஜோடித்தாயிற்று. நாளை வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் வருகிறது. தீர்ப்பு எதிராகப் போனால் இரண்டு வருஷம். இப்படி விழுந்து கிடக்கிறவன் ஜெயிலில் இரண்டு மாதம் தாங்கமாட்டான் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

“உம் புருசனுக்குச் சொந்த ஊரு எதும்மா?” என்று கேட்டான் அர்த்தநாரி.

“கும்மோணத்துப் பக்கமுங்க. பத்து வருசமா இங்கதான் இருக்கறாரு, ஆனா எங்க பேச்சு அவருக்கு ஒட்டவே இல்லீங்க. நாம ‘உடுங்க’ன்னா அவரு ‘விடுங்க’ன்னு அழுத்திச் சொல்லுவாரு. சந்துப் பசங்க பொறத்தால நின்னுக்கிட்டு அதையே சொல்லிக் காட்டுங்க.” அழுகைக்கு நடுவில் அத்தாயிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்புக்காக மறுபடி அழுதாள்.

குஞ்சம்மாள் கட்டிலருகே நின்று வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரங்கபாணியின் உடம்பில் அந்த இடது கை மட்டும் ஓயவில்லை. போர்வையின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று.

“ஏன் சாமி இப்படி ஆடுது?”

“நரம்புத் துடிப்புன்னு டாக்டரு சொல்றாருங்க. நாலு நாளா இப்படித்தான். கண்ணு முழிச்சா ஆரம்பிச்சர்றாரு.”

மனசு கேட்காமல் குஞ்சம்மாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். விரல்கள் அவள் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு வெளியே வந்தன. மறுபடி ஆரம்பித்தன. சாரங்கபாணியின் கண் அவளையே பார்த்தது. நோயாளியின் பார்வை அல்ல அது. சொன்னதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவன் பார்க்கிற பார்வை.

“அக்கா, வா” என்றான் அர்த்தநாரி. “மணி பன்னண்டேகால்.”

ஜட்கா கடைவீதியை நோக்கி ஓடியது.

“சேலையப் பாத்து என்னத்தக் கண்டுபுடிக்கப் போற? கறுத்துப் போச்சுன்னுதான் ஊருக்கே தெரியுமே” என்றாள் குஞ்சம்மாள்.

“ஊருக்கே தெரியும். ஆனா யாருமே அத முழுசா விரிச்சுப் பாத்ததாத் தெரியல. கறுத்துச்சு, மூதேவின்னாங்க, மடிச்சு மூட்டை கட்டிட்டாங்க. இப்ப மூட்டையோட எரிக்கப் போறாங்க. திருட்டுக் குடுத்த கடைக்காரன் தடயத்த எரிக்க இத்தன அவசரப்படுவானா?”

“அப்ப நாம என்ன பண்றது?”

“நீ சேலை வாங்கற. எரிக்கறதுக்குள்ள அந்த மூட்டைய அவுக்க வைக்கோணும். எப்படின்னு என்னக் கேக்காத.”

“எம் மகளுக்குக் கல்யாணம்னு சொல்லிக்கறேன்.”

“உனக்கு மூணும் பசங்களாச்சே.”

“கடைக்காரன் வந்து எண்ணியா பாக்கப் போறான்?”

கடைவீதி என்றால் அன்றைக்குச் சேலத்துக்கு அதுதான் எல்லாம். வெள்ளிக் கொலுசுக் கடைகளில் ஒன்றுக்கொன்று போட்டியாகக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வளையல்காரன் ஒருத்தியின் கையை எண்ணெய் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தான். குழந்தைவேல் கடை வாசலில் தம்மம்பட்டிப் பக்கத்துத் தச்சன் செதுக்கின ஆளுயர மரப்பெண் ஒருத்தி ஜார்ஜெட் உடுத்தி நின்றாள். அந்த வருஷத்துப் பம்பாய் மோஸ்தர். வருகிற பெண்கள் முதலில் வாயில் கைவைத்தார்கள், பிறகு கிட்டே போய்த் துணியைத் தடவிப் பார்த்தார்கள்.

“இவளுக்குக் குளிருமேடா” என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே குஞ்சம்மாள் உள்ளே நுழைந்தாள்.

ஜமக்காளத்தின் நடுவே தூண் மாதிரி உட்கார்ந்திருந்தாள் பொன்னாத்தாள். மடியில் வெள்ளைத் துணி மூட்டை. பக்கத்தில் ஏட்டு வெங்கடாசலம் கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். சேலை எரிந்ததற்கு மகஜர் எழுத வரவழைத்திருந்தார்களாம். பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே பழஞ்சேலைகளைப் பொசுக்கி வெள்ளி எடுக்கிற இரும்புச் சட்டியில் கரி கனிந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால்.

“வாங்க, வாங்க” என்றார் குழந்தைவேல். சந்தனப் பொட்டு, பட்டுக்கரை வேட்டி, பசு போன்ற முகம். “யாருக்குங்க கல்யாணம்?”

“எம் மகளுக்குங்க. கூறை மாப்பிள்ள ஊட்டுக்காரங்க எடுத்துருவாங்க. நாங்க நாலு சேலை எடுக்கோணும். பத்துப் பதினஞ்சு எடுத்துப் போடுங்க.”

கடைச் சிப்பந்தி ஆண்டி சேலைகளை உதறி உதறி விரித்தான். மயில்கழுத்து, மாம்பழம், எலுமிச்சை. குஞ்சம்மாள் ஒவ்வொன்றையும் தொட்டாள், முகர்ந்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், வேண்டாமென்றாள். ஒவ்வொரு வேண்டாமுக்கும் கடிகாரம் ஒரு நிமிஷம் போயிற்று. அர்த்தநாரி துணிக்குவியலுக்குப் பின்னால், அக்காளிடம் அகப்பட்ட தம்பிக்குரிய அசட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஏட்டு அவனைப் பார்த்துச் சோடாவைக் கீழே வைத்தார். அர்த்தநாரி கண்ணாலேயே கெஞ்சினான். பழைய சிநேகம். ஏட்டு மறுபடி சோடாவை எடுத்துக்கொண்டார்.

“சேலையெல்லாம் லட்சணமாத்தான் இருக்குதுங்க” என்றாள் குஞ்சம்மாள். “ஆனா உங்க கடைச் சேலை மூணே நாள்ல கறுத்துப் போச்சுன்னு ஊரெல்லாம் பேசறாங்களே. நான் எத நம்பி எடுக்கறது?”

குழந்தைவேலின் முகம் சுண்டியது. பொன்னாத்தாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாபாரி அல்லவா, சும்மா இருக்க முடியுமா?

“அம்மணி, இந்தக் கடையில தப்பு நடக்க வழியே இல்லீங்க. கரையில ஓடற சரிகைப் பாவு இருக்குது பாருங்க, அத வெளியில யார்கிட்டயும் உடறதில்ல. நானே உக்காந்து ஓட்டி, ரெண்டு நுனியிலயும் அரக்கு முத்திரை வெச்சுத்தான் தறிக்கு அனுப்பறேன். ஒத்த இழை உருவ முடியாது. முத்திரை உடைஞ்சு வந்தா அந்தச் சேலைய நான் கையில தொடமாட்டேன்.”

“இது இப்பத்து ஏற்பாடுங்களா?”

“பத்து வருசத்து ஏற்பாடு. இந்த ஆத்தா சேலைக்கும் என்ற கையாலதான் முத்திரை வெச்சேன். அப்படியிருந்தும் ஒரு களவாணிப்பய ஏமாத்திப்போட்டானுங்களே, அதத்தான் தாங்க முடியல.” துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். கண்ணில் ஈரம் இருந்ததாகக் குஞ்சம்மாளுக்குத் தெரியவில்லை.

கடிகாரம் ஒரு மணி அடித்தது. குழந்தைவேல் எழுந்தார். “ஆத்தா, நேரமாச்சுங்க. மூட்டையக் குடுங்க. பீடை தொலையட்டும். எரிஞ்சு முடிஞ்சதும் புதுக் கூறை எடுத்துக்கிட்டு நல்லபடியாப் போலாம்.”

பொன்னாத்தாள் மூட்டையை நீட்டினாள்.

“ஏனுங்கக்கா, ஒரு நிமிசம்” என்றாள் குஞ்சம்மாள். “அதென்னமோ அரக்குச் சிவப்புன்னாங்களே. அந்த நெறந்தான் எம் மக கேக்கறா. இவங்க எடுத்துப் போட்டதுல ஒன்னுகூட அந்த நெறமில்ல. எரிக்கப் போற சேலைதானுங்க, நெறத்த மட்டும் கண்ணால பாத்துக்கறேன்.”

“வேண்டாமம்மிணி. எழவு புடிச்ச சேலை. மூணு நாளா எம் மருமக சோறு திங்கல. நல்ல புள்ள. இந்தத் துணியால அவளப் பாத்து ஊரே வாய்க்கு வந்தபடி பேசுது.”

“பீடை இருந்தா அது என்னப் புடிக்கட்டுமுங்க. என்னப் புடிச்சா அதுதான் ஓடிப்போகும். எம் புருசனக் கேட்டுப் பாருங்க.”

பொன்னாத்தாளின் உதட்டோரம் சற்றே அசைந்தது. முடிச்சை அவிழ்த்தாள்.

அரக்குச் சிவப்பு ஜமக்காளத்தில் சரிந்து விழுந்தது. சேலையின் நீளம் முழுக்க இரண்டு ஓரத்துக் கரையும் கருகின மாதிரி கறுத்திருந்தன. குஞ்சம்மாள் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக்கொண்டே போனாள். கடைசி மடிப்பில் முந்தானை வந்தது. அது விளக்கேற்றின மாதிரி இருந்தது. ஒரு கறுப்பு இல்லை.

“முந்தானை நல்லாத்தான் இருக்குதுங்களே” என்றாள்.

“அத உரைகல்லுல உரைச்சுப் பாத்துத்தானே வாங்குனேன்” என்றாள் பொன்னாத்தாள். “முந்தானையில ரெண்டு இழை உருவி ஆசாரிகிட்டக் குடுத்தேன். சுத்தம்னான். கரைதான் பல்லிளிச்சுப்போச்சு.”

“பாதியத் திருடிட்டுப் பாதிய வெச்சிருக்கறான், கெட்டிக்காரப்பய” என்றார் குழந்தைவேல். அவசரமாகக் குனிந்து சேலையின் மறு நுனியை வாரிக்கொண்டார். “போதும் அம்மணி. உடுங்க.”

அப்போது அர்த்தநாரி, அசட்டு முகம் மாறாமலே, ஆண்டியிடம் ஒரு கேள்வி கேட்டான். “ஏனப்பா, கரையிலயும் சரிகை, முந்தானையிலயும் சரிகை. ரெண்டும் ஒரே வழியாத்தான் ஓடுமா?”

ஆண்டி முன்னாள் தறிக்காரன். தெரிந்ததைச் சொல்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். “இல்லீங்க. கரை பாவுங்க. நெடுக்க ஓடும், கடையிலிருந்து சுத்தியே வந்துரும். முந்தானை ஊடைங்க. அது தறிக்காரன் நாடாங்கற கட்டையில கோத்துக் குறுக்க ஓட்டறது. இப்படி.” கையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓட்டிக் காட்டினான். அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம்.

குஞ்சம்மாள் ஆண்டியின் கையையே பார்த்தாள். போர்வையின் மேல் போய்ப் போய் வந்த கை. அவள் பிடித்தபோது திமிறிக்கொண்டு போன கை. நரம்புத் துடிப்பாம். பாவி மனுஷன் நாலு நாளாக நாடா ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறான், பார்க்கிற கண்தான் ஒருத்தருக்கும் இல்லை.

“தம்பி” என்றாள். “அந்தக் கை.”

அர்த்தநாரி அவளைப் பார்த்தான். பிறகு ஆண்டியைப் பார்த்தான். அசட்டு முகம் காணாமல் போயிருந்தது. “நீங்க ஊடைங்கறத கும்பகோணத்துப் பக்கத்துத் தறிக்காரங்க என்னன்னு சொல்லுவாங்க?”

“அவிய ஊடும்பாங்க. பாவு, ஊடு. அதேதானுங்க, பேருதான் வேற.”

குழந்தைவேல் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டை நோக்கி எட்டு வைத்தார். இரண்டு எட்டு, மூன்று எட்டு. சட்டியின் அனல் கதவு வரைக்கும் அடித்தது. “நில்லுங்க” என்று அர்த்தநாரி சொன்னது காதில் விழாதது போலவே போனார். அர்த்தநாரிக்கும் அவருக்கும் நடுவே பதினைந்து சேலைக் குவியல்.

ஆனால் சேலை பெரிது, முந்தானை இன்னும் ஜமக்காளத்தில் கிடந்தது. குஞ்சம்மாள் அதைப் பற்றினாள். ஒரு சுற்று இடுப்பில், ஒரு சுற்று தோளில், மிச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப எரிங்க பாக்கலாம்” என்றாள். “பொம்பள கட்டியிருக்கற சேலையக் கடைவீதியில உருவற ஆம்பள எவன்னு நானும் பாத்துக்கறேன்.”

குழந்தைவேல் இழுத்த நுனி கையிலேயே நின்றுபோயிற்று. வாசலில் கொலுசுக்கடைக் கூட்டம் எட்டிப் பார்த்தது. கையை விட்டார்.

“ஏட்டய்யா” என்றான் அர்த்தநாரி, “அன்னைக்கு சாரங்கபாணி சொன்னத எழுதி வெச்சீங்களே, அந்த நோட்டு இருக்குதா? வாசிங்க.”

வெங்கடாசலம் பையைத் துழாவிக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “‘மேற்படி சரிகை என் வீட்டில்தான் இருக்கிறது என்று எதிரி வாக்குமூலம் கொடுத்தான்.’”

“இப்படியா சொன்னான்?”

“ஊட்லதான்னான். எழுத்துல ஊடுன்னு எழுதுனா இன்ஸ்பெக்டர் ஐயா வைவாருங்ணா. போன மாசம் ‘உழுந்தான்’னு எழுதிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதனால திருத்தி வீடுன்னு போட்டேன். என் வீடுன்னு இருந்தாத்தானே சட்டப்படி தெளிவா இருக்கும்.”

“நீங்க ஊடுன்னா அது வீடு. நானும் எங்கக்காளும் ஊடுன்னா அது வீடு. சாரங்கபாணி தஞ்சாவூர்ச் சீமைக்காரன். ‘விடுங்க’ன்னு வானாவ அழுத்திச் சொல்லி ஊர்ப் பசங்ககிட்டக் கேலி வாங்கறவன். அவன் வீட்டச் சொல்லியிருந்தா வீடுன்னு சொல்லியிருப்பான். ஊடுன்னு சொன்னானே, அது இது.” குனிந்து அக்காளின் தோளில் கிடந்த முந்தானையைத் தொட்டான். “எங்கிட்டக் குடுத்த சரிகை ஊட்லதான் இருக்கு, எடுத்துப் பாருங்கன்னு சொல்லியிருக்கறான். எடுத்துப் பாக்கறதுக்குப் பதிலா நீங்க கூரையப் பிரிச்சீங்க.”

பின்கட்டில் கரி வெடித்தது.

“ஊடு சுத்தம். ஆத்தாளே உரைச்சுப் பாத்துட்டாங்க. கறுத்தது பாவு. பாவு தறிக்காரன் சுத்தறதில்ல, கடையிலிருந்து வரது.”

“தறிக்குப் போனதுக்கப்புறம் அவன் பாவ மாத்தியிருக்கலாமே” என்றார் குழந்தைவேல்.

குஞ்சம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிமிர்ந்தாள். “ரெண்டு நுனியிலயும் அரக்கு முத்திரைன்னீங்களே. ஒத்த இழை உருவ முடியாதுன்னீங்க. உடைஞ்சு வந்தா கையில தொடமாட்டேன்னீங்க. தொட்டு வாங்கி மடிச்சு வெச்சு வித்திருக்கறீங்க. அப்ப முத்திரை உடையல. அந்த முத்திரைக்குள்ள செம்ப வெச்சு அனுப்புன கை எதுங்க?”

வாசகர்கள் கவனிக்க வேண்டும், இதுவரைக்கும் குழந்தைவேலுக்கு ‘ர்’ போட்டு மரியாதையாகவே சொல்லி வந்தேன். இனிமேல் அது கிடையாது.

குழந்தைவேல் தூணைப் பிடித்துக்கொண்டான். பொன்னாத்தாள் எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் மெல்லத்தான் பேசினாள்.

“முந்தானைய எல்லாரும் உரைச்சுப் பாப்பாங்க. கரையில இழை உருவுனா சேலையே பிரிஞ்சுபோகும், ஒருத்தியும் உருவ மாட்டா. கல்யாணம் முடிஞ்சா கூறை பெட்டிக்குள்ள போயிரும், கறுக்கறப்ப எவளுக்கு நெனப்பு இருக்கும்னு கணக்குப் போட்டியாக்கு. மஞ்சத்தண்ணி ஊத்துவாங்கன்னு மறந்துட்ட. எத்தன ஊட்டுப் பெட்டியில இப்படிக் கறுத்துக் கெடக்குதோ.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “அந்தப் புள்ளய மூணு நாளு பட்டினி போட்டுட்டேனே, உன் சரக்க நம்பி.”

ஏட்டு மகஜர் எழுத வைத்திருந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டார். “காயிதம் இருக்குது, பேனா இருக்குது. வேற எழுதிக்கலாம்” என்றார். “இந்தத் தடவ என்ன சொல்றாங்களோ அப்படியே எழுதிக்கறேன்.”

குஞ்சம்மாள் சேலையைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். “சட்டுனு வாங்கிக்கிங்க. இந்த வயசுல கூறை கட்டுனேன்னு எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனுசன் எருமையோட அழுவாரு.” சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. அதைத் தம்பி பார்க்கக் கூடாது.

பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பியபோது மணி மூன்று. ஏட்டு கூடவே வந்து, நாளைக்குக் கேஸ் வாபஸ் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, சாரங்கபாணியின் காலிலிருந்த விலங்கைத் தானே கழற்றினார். கழற்றும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தாயிக்கு விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “நானுந்தானுங்களே தோண்டுனேன். இவரு சொன்னத நானே நம்பாம, அவங்க போனதுக்கப்புறம் ராப்பகலா மண்ணத் தோண்டுனேனே சாமி.”

“நீ பொறந்த ஊருப் பேச்சு அப்படி. நாங்க மட்டும் என்னத்தக் கிழிச்சோம்” என்றாள் குஞ்சம்மாள். “போ, அவருகிட்டச் சொல்லு.”

அத்தாயி கட்டிலில் உட்கார்ந்து அவன் காதருகே குனிந்தாள். இடது கை போர்வையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஊட்லதான் இருந்துச்சு சாமி. நீங்க சொன்னபடிதான். கண்டுபுடிச்சுட்டாங்க.”

கை பாதி வழியில் நின்றது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு தேடிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. கோணின உதடு எதற்கோ பாடுபட்டது. ஒரு தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை, நாலு நாளுக்குப் பிறகு முதல் சொல், உதட்டைப் பல்லில் அழுத்திக்கொண்டு, வானா தெளிவாக விழுந்தது.

“வீ... வீடு.”

கூரை பிரிந்து, அடுப்பு இடிந்து, தறிக்குழி கிணறு மாதிரி கிடக்கிற வீடு. அத்தாயி அவன் நெற்றியில் கை வைத்தாள்.

“போலாஞ் சாமி” என்றாள். “வீட்டுக்குப் போலாம்.”

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவளும் அந்த வானாவைச் சொன்னாள்.